மருத்துவ ஓவியத்தின் ஆசான் மாக்ஸ் புரோடல்

மனித உடலின் உட்புறத்தை நேரில் கண்டவர் உலகில் மிகச் சிலரே. ஆயினும், இதயத்திற்கு நான்கு அறைகள் உண்டு என்பதையும், சிறுநீரகம் அவரை விதையின் வடிவினது என்பதையும் பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். அவ்வறிவை அவர்களுக்கு நல்கியவை படங்களே. ஆசிரியர் கரும்பலகையில் வரையும் படமும், அறிவியற் கூடத்தின் சுவரில் தொங்கும் வண்ணப் படமும், தேர்வுத்தாளில் மாணவர் வரைந்து உறுப்புகளின் பெயரைக் குறிக்கும் படமும், என்றோ ஒருவர் உயிரற்ற உடலின் அருகே நின்று பார்த்து, ஆராய்ந்து, வரைந்த மூலப்படத்தின் வழிவந்தவை. அந்த ஒருவர் யார்? நூலை எழுதிய மருத்துவரின் பெயரை உலகம் போற்றுகிறது. படம் வரைந்தவரின் பெயரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

இவ்வாறு மறக்கப்பட்டு வந்த கலைக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடத்தைப் பெற்றுத் தந்து, அதனை முறையாகக் கற்பிக்கும் துறையாக ஆக்கியவர் மாக்ஸ் புரோடல். செருமனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அப்பெருமகனாரின் வாழ்க்கை, ஒரு கலை தன்னைப் படைத்தவனோடு அழிந்துபோகாமல் நிலைபெறுவதற்கு எது வேண்டும் என்னும் வினாவுக்கு விடையாக அமைந்துள்ளது.

பெயர் மறைந்த ஓவியர்கள்

புரோடலின் பணியை மதிப்பிட, அவருக்கு முன்னிருந்த நிலையை முதலில் அறிதல் வேண்டும். 1543ஆம் ஆண்டில் ஆந்திரியாஸ் வெசாலியஸ் என்னும் மருத்துவப் பேரறிஞர் மனித உடலின் அமைப்பைப் பற்றிய மாபெரும் நூலை பேசல் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 28. பழைய ஏடுகளில் கண்டவற்றையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்த மருத்துவ உலகை, அறுத்துப் பார்த்து அறியும் வழிக்குத் திருப்பியது அந்நூல். அதன் வெற்றியில் பாதி அதன் படங்களுக்கு உரியது. தசைகள் வெளித்தெரிய நிமிர்ந்து நிற்கும் மனித உருவங்களும், அவற்றின் பின்னே விரியும் மலைகளும் ஊர்களும் இன்றும் காண்போரை வியப்பில் ஆழ்த்துகின்றன. ஆனால், அவற்றை வரைந்தவர் யார் என்பதை அந்நூல் தெளிவாகக் கூறவில்லை. ஓவியர் டிஷியனின் பட்டறையைச் சேர்ந்தோர் வரைந்திருக்கலாம் என்றும், அவருள் கால்கார் என்பவருக்குப் பெரும்பங்கு இருக்கலாம் என்றும் அறிஞர்கள் கருதுகின்றனர். நானூற்று எண்பது ஆண்டுகள் கடந்தும் அது கருத்தளவில்தான் நிற்கிறது.

1774ஆம் ஆண்டில் வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் கருவுற்ற கருப்பையின் உடற்கூற்றைப் பற்றி 34 பெரும் படங்களைக் கொண்ட நூலை வெளியிட்டார். அப்படங்களுள் பெரும்பாலானவற்றை வரைந்தவர் யான் வான் ரிம்ஸ்டைக் என்னும் ஓவியர். ஆயினும் ஹண்டரின் முன்னுரையில், படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கிய கலைஞருக்கு நன்றி உண்டு. வரைந்தவரின் பெயர் இல்லை.

இந்நிலை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. 1803 முதல் 1818 வரை மலாக்காவில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த வில்லியம் பர்குவார், இம்மண்ணின் செடிகொடிகளையும் விலங்குகளையும் வண்ண ஓவியங்களாக வரையச் செய்தார். அவற்றுள் 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் செல்வமாக விளங்குகின்றன. அவற்றை வரைந்தோர் மலாக்காவில் வாழ்ந்த சீன ஓவியர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வரையச் சொன்னவரின் பெயராலேயே அத்தொகுப்பு வழங்குகிறது.

பெயர் தெரிந்தும் சிறுமைப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர் உலகெங்கும் பயின்றுவரும் கிரேயின் உடற்கூற்று நூல் 1858இல் முதன்முதலாக வெளிவந்தபொழுது, அதிலிருந்த 363 படங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை வரைந்தவர் அவரே. உறுப்பின் பெயரை ஓரத்தில் எண்ணிட்டுக் காட்டாமல், அவ்வுறுப்பின் மீதே எழுதிக் காட்டும் முறையை அவர் பின்பற்றினார். படிப்போர் பக்கத்தைப் புரட்டிப் பெயர் தேடும் தொல்லை அதனால் நீங்கியது. ஆனால், நூலின் முகப்புப் பக்கம் அச்சாகும் வேளையில் கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் அமைக்குமாறு கிரே பணித்தார். நூல் விற்பனையிலும் கார்ட்டருக்குத் தொடர்ந்த பங்கு இல்லை. ஒருமுறை வழங்கப்பட்ட தொகையோடு அவருடைய உரிமை முடிந்தது.

நூல் வெளிவருமுன்னரே கார்ட்டர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். பம்பாயிலிருந்த கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியலைக் கற்பித்த அவர், தொழுநோயைப் பற்றியும் பிற நோய்களைப் பற்றியும் ஆராய்ந்தார். தமிழகத்தின் மதுரையில் 1842ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில மருத்துவரால் குறிக்கப்பட்டு, 'மதுரைப் பாதம்' என்றே பெயர்பெற்ற கால்நோய் ஒன்று உண்டு. அந்நோய் பூஞ்சையால் விளைவது என்று காட்ட முனைந்து, 1874இல் அதனைப் பற்றித் தம் கையால் வரைந்த படங்களோடு தனி நூலொன்றை வெளியிட்டவர் இதே கார்ட்டரே.

கிரேயின் நூலுக்கும் தமிழுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், தம் மாணாக்கரின் துணையோடு பல மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கிரே முதலான ஆசிரியர்களின் நூல்களை அடிப்படையாகக் கொண்ட 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. உடற்கூற்றைத் தாய்மொழியில் கற்பிக்க இயலும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய நூல் அது.

இவ்வாறு, புரோடலுக்கு முன்பு சிறந்த மருத்துவ ஓவியர்கள் இல்லாமல் இல்லை. ஆனால், ஒருவர் தேடிக் கண்ட நுட்பம் அவரோடு மறைந்தது. அடுத்து வந்தவர் மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கினார். கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் கூடமும் இல்லாமையே இதற்குக் காரணம்.

லைப்சிக்கிலிருந்து பால்டிமோருக்கு

மாக்ஸ் புரோடல் 1870ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் செருமனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். அந்நகரின் ஓவியக் கல்லூரியில் பயின்றார். இசையிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. பியானோ வாசிப்பதில் வல்லவர். படிக்கும் காலத்திலேயே, லைப்சிக் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக்கின் ஆய்வுகளுக்குப் படம் வரையும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. தொடக்கத்தில் அவருக்கு மருத்துவ அறிவு சிறிதும் இல்லை. கண்டதைக் கண்டவாறு வரைவதே தம் கடமை என்று எண்ணியிருந்த இளைஞருக்கு, காண்பது வேறு, அறிவது வேறு என்பதை லுட்விக்கின் ஆய்வுக்கூடம் உணர்த்தியது.

அவ்வாய்வுக்கூடத்திற்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்து பயின்றனர். அவருள் அமெரிக்கர் சிலர் பால்டிமோர் நகரில் புதிதாகத் தோன்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிலையத்தில் பின்னர்ப் பொறுப்பேற்றனர். மருத்துவமனை 1889இலும், மருத்துவக் கல்லூரி 1893இலும் அங்குத் திறக்கப்பட்டிருந்தன. இத்தொடர்பினால் புரோடல் 1894ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பால்டிமோர் வந்து சேர்ந்தார். பெண்டிர் நோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற ஹோவர்டு கெல்லியின் நூல்களுக்குப் படம் வரைவது அவருடைய பணி. 1898இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த கெல்லியின் அறுவை மருத்துவ நூல், அதன் படங்களுக்காகவே மருத்துவ உலகில் பேசப்பட்டது.

கரித்தூளும் கத்தி முனையும்

அறுவை மேசையில் காணப்படும் உடல், பிணவறையில் காணப்படும் உடலைப் போன்றதன்று. உயிருள்ள திசு ஈரத்தோடு மின்னுகிறது. அதன் மேல் மெல்லிய தோலுறை பளபளக்கிறது. குருதி ஓடும் குழாய் உயிர்த்துடிப்போடு விளங்குகிறது. பேனா மையால் கோடிட்டு வரையும் முறை இந்நுட்பங்களைக் காட்டப் போதவில்லை. எனவே புரோடல் புதியதொரு முறையை உருவாக்கினார்.

சுண்ணப் பூச்சுடைய தடித்த தாளை அவர் எடுத்துக்கொண்டார். கரிக்கோலை உப்புத்தாளில் தேய்த்து மென்மையான தூளாக்கி, அத்தூளை மயிர்த் தூரிகையால் தொட்டுத் தாளின் மீது படலம் படலமாகத் தடவினார். இருளும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து மெல்ல மாறும் சாயல்கள் இதனால் கிடைத்தன. இறுதியில், ஈரம் மின்னும் இடங்களில் கூரிய கத்தி முனையால் சுரண்டி வெண்மையை வெளிக்கொணர்ந்தார். கறுப்பும் வெள்ளையுமே கொண்ட அப்படங்களைக் காண்போர், ஈரமான உறுப்பொன்றை எதிரில் காண்பது போன்று உணர்வர். கரித்தூள் முறை என வழங்கும் இதனைப் பின்னர்ப் பல தலைமுறை மாணவர்கள் பயின்றனர்.

ஓவியம் கைப்பழக்கத்தால் வருவது என்பது தமிழர் நன்கறிந்த கருத்து. புரோடலின் கை அப்பழக்கத்தின் உச்சியைத் தொட்டது. ஆயினும் அவரைப் பிற ஓவியரினின்றும் பிரித்துக் காட்டியது அக்கையின் திறமைக்கும் அப்பாற்பட்ட ஒன்றாகும்.

சிறுநீரகத்தில் ஒரு கோடு

சிறுநீரகக் கல்லை அகற்றும் அறுவையில் அக்காலத்து மருத்துவர்கள் பெரிதும் அஞ்சியது குருதிப் பெருக்கை. சிறுநீரகம் முழுதும் இரத்தக் குழாய்கள் நெருங்கிப் பரந்திருப்பதால், எங்கே கத்தி வைத்தாலும் குருதி பீறிட்டது. அவ்வுறுப்பைப் படமாக வரையும் பொறுப்பு புரோடலிடம் வந்தபொழுது, அவர் அதன் புறவடிவை மட்டும் பார்த்து வரைய உடன்படவில்லை. சிறுநீரகத்தின் குழாய்களுள் இறுகும் நீர்மத்தைச் செலுத்தி, அது கெட்டியான பின்பு சுற்றியுள்ள சதையை அரித்து நீக்கி, குழாய்களின் அச்சு மரக்கிளை போல் தனித்து நிற்குமாறு செய்து ஆராய்ந்தார்.

அவ்வாய்வில் ஓர் உண்மை புலப்பட்டது. சிறுநீரகத்துக்கு வரும் தமனி, முன்கிளை என்றும் பின்கிளை என்றும் பிரிந்து செல்கிறது. இரு கிளைகளின் நுனிகளும் உறுப்பின் புறவளைவுக்குச் சற்றுப் பின்னே ஒன்றையொன்று நெருங்குகின்றன, ஆனால் கலப்பதில்லை. ஆகவே, அவ்விடைவெளியின் வழியே கத்தியைச் செலுத்தினால் குருதியிழப்பு குறையும். 1901ஆம் ஆண்டில் புரோடல் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். அவ்விடம் இன்றும் மருத்துவ நூல்களில் 'புரோடல் கோடு' என்றே குறிக்கப்படுகிறது.

மருத்துவப் பட்டம் பெறாத ஓர் ஓவியரின் பெயர் உடற்கூற்று நூலில் ஏறிய விந்தை இது. வெசாலியஸின் ஓவியர் பெயரின்றி மறைந்தார். கார்ட்டரின் பெயர் சிறிய எழுத்தாகக் குறுகியது. புரோடலின் பெயரோ மனித உடலின் ஒரு பகுதிக்கே உரியதாயிற்று. வரைவதற்கு முன் அறிய வேண்டும் என்னும் அவருடைய பிடிவாதமே இப்பெருமைக்குக் காரணம்.

அப்பிடிவாதத்திற்கு அவர் விலையும் கொடுத்தார். 1899ஆம் ஆண்டில் ஆய்வுப் பணியின்போது நோய்க்கிருமி தொற்றி அவருடைய கையொன்று கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நரம்பு சிதைந்து உணர்ச்சி குன்றியது. அத்துன்பத்திலும், தம் கையின் எப்பகுதியில் உணர்ச்சி இல்லை, எப்பகுதியில் மீண்டு வருகிறது என்பதைத் தாமே படமாக வரைந்து குறித்துக்கொண்டார் என்றால், அவருடைய உள்ளத்தின் உறுதியை என்னென்பது!

1911: ஒரு துறை பிறக்கிறது

பதினாறு ஆண்டுகள் இவ்வாறு உழைத்தும் புரோடலின் நிலை உறுதிப்படவில்லை. மருத்துவர்களுக்குப் படம் வரைந்து தருபவர் என்பதன்றிப் பல்கலைக்கழகத்தில் அவருக்கெனத் தனியிடம் இல்லை. மருத்துவத்தைக் கற்பிப்பவர் பேராசிரியர். மருத்துவத்தைக் கண்முன் கொணர்ந்து காட்டுபவரோ பணியாளர். இதுவே அன்றைய எண்ணம். 1910ஆம் ஆண்டளவில் புரோடல் பால்டிமோரை விட்டு நீங்கக்கூடும் என்னும் நிலை தோன்றியது. அவர் போய்விட்டால், அவர் கண்டறிந்த முறைகளும் அவருடன் போய்விடும்.

அந்நிலையை நன்குணர்ந்தவர் தாமஸ் கல்லன் என்னும் மருத்துவர். கெல்லியின் மாணவரான அவர், புரோடலின் நெருங்கிய நண்பர். ஓவியரை நிறுத்திக்கொள்வதற்குச் சம்பளத்தை உயர்த்துவது வழியன்று என்றும், அவருடைய கலையைக் கற்பிக்கும் துறை ஒன்றை நிறுவுவதே வழி என்றும் அவர் கண்டார். செல்வர் பலரை நாடினார். இறுதியில், இருப்புப்பாதைத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியவரும், கலைப்பொருள்களைத் திரட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவருமான ஹென்றி வால்ட்டர்ஸ் பொருளுதவி செய்ய முன்வந்தார். அவர் திரட்டிய கலைச்செல்வமே பின்னாளில் பால்டிமோரின் வால்ட்டர்ஸ் கலைக்கூடமாக மலர்ந்தது.

இவ்வாறு 1911ஆம் ஆண்டில், 'மருத்துவத்திற்குப் பயன்படும் கலை' என்னும் பொருளுடைய பெயரோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு துறை தொடங்கப்பட்டது. இவ்வகையில் உலகிலேயே முதன்முதலாகத் தோன்றிய பல்கலைக்கழகத் துறை அதுவே. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற புரோடல், 1940ஆம் ஆண்டு வரை அங்குப் பணியாற்றினார். ஓவியர் ஆசிரியரானார், கைத்திறன் கல்வியாயிற்று.

புரோடலின் வகுப்பறை

புரோடலின் வகுப்பில் சேர்ந்த மாணவர் முதலில் தூரிகையை எடுப்பதில்லை. அறுத்துப் பார்க்கும் கூடத்திற்குச் சென்றனர். மருத்துவ மாணவரோடு அமர்ந்து உடற்கூற்றைப் பயின்றனர். நுண்ணோக்கியில் திசுக்களைக் கண்டனர். அறுவைக் கூடத்தில் மருத்துவரின் தோளருகே நின்று, கத்தி எவ்விடத்தில் நுழைகிறது, கை எவ்வாறு திரும்புகிறது என்பதைக் குறித்துக்கொண்டனர். இவற்றுக்குப் பின்னரே வரைதல் தொடங்கியது.

ஒரு பொருளை உள்ளவாறு படியெடுத்தல் மருத்துவ ஓவியம் ஆகாது என்பது புரோடலின் கொள்கை. படியெடுப்பதை ஒளிப்படக் கருவி நன்கு செய்யும். சில வேளைகளில் மனிதனைவிட நன்றாகவும் செய்யும். ஆனால் அறுவைக் கூடத்தில் எடுக்கும் ஒளிப்படத்தில் குருதியும் பஞ்சும் கருவிகளும் கைகளும் ஒன்றாய்க் குழம்பிக் கிடக்கும். எது முதன்மையானது, எது தேவையற்றது என்று கருவி அறியாது. ஓவியரோ தேவையற்றதை நீக்குகிறார், மறைந்திருப்பதை வெளிப்படுத்துகிறார், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதை ஒரே படத்தில் விளங்க வைக்கிறார். இவ்வாறு தேர்ந்தெடுக்கும் ஆற்றல் பொருளை முழுதும் உணர்ந்தவருக்கே வாய்க்கும். ஆகவே, மனத்தில் படம் தெளிவாக உருவாகும் வரை தாளில் கோடிடலாகாது என்று அவர் மாணவரிடம் வற்புறுத்தினார். தம் வாழ்வின் இறுதியாண்டாகிய 1941இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரையிலும் இக்கருத்தையே அவர் நிலைநாட்டினார்.

அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் புரோடல் மறைந்தார். இறுதிக் காலத்தில் அவர் ஆழ்ந்திருந்தது மனிதச் செவியின் உள்ளமைப்பைப் பற்றிய ஆய்வில். இசையில் தோய்ந்த அவருக்குச் செவியின் மீது காதல் பிறந்தது இயல்பே. முற்றுப்பெறாத அப்படங்கள் அவர் மறைவுக்குப் பின் 1946இல் வெளிவந்தன.

மாணவர் வழி வளர்ந்த மரபு

ஆசிரியரின் உண்மையான நூல் அவருடைய மாணவர்களே. புரோடலிடம் பயின்ற மில்ட்ரெட் காடிங், மூளை அறுவை மருத்துவத்தின் முன்னோடி ஹார்வி குஷிங்கிற்குப் பாஸ்டன் நகரில் படம் வரைந்தார். அக்குஷிங்கே முன்னர் புரோடலிடம் வரையக் கற்றவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. டார்க்கஸ் பாட்ஜட் என்னும் மாணவி, மூளை அறுவை மருத்துவர் வால்ட்டர் டாண்டிக்குப் படம் வரைந்துவந்தார். மருத்துவப் பட்டம் பெறாத அவர், கருவில் வளரும் மூளைத் தமனிகளின் வளர்ச்சியைத் தாமே ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட ஆய்வு, அத்துறையின் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. அறிந்து வரைக என்ற ஆசானின் சொல், வரைந்தே அறிக என்னும் அளவுக்கு அம்மாணவியிடம் வளர்ந்தது.

மரியா விஷார்ட் என்னும் மாணவி கனடாவுக்குத் திரும்பி, 1925இல் தொரன்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஓவியப் பிரிவைத் தொடங்கினார். 1945இல் அங்கு முறையான கல்வித் திட்டம் உருவாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் மருத்துவ ஓவியர்களின் சங்கமும் தோன்றியது. பால்டிமோரில், புரோடலின் மாணவியான ரானிஸ் கிராஸ்பி 1943 முதல் 1983 வரை நாற்பது ஆண்டுகள் துறையை நடத்தினார். 1959இல் அத்துறை முதுகலைப் பட்டம் வழங்கும் தகுதியைப் பெற்றது. பெயரில்லாதிருந்த கலைக்குப் பட்டமும் கிடைத்தது.

பெயரும் பொறுப்பும்

பெயரும் பதவியும் கிடைத்துவிட்டால் ஒரு கலை முழுமை பெற்றுவிடுமா? இவ்வினாவுக்கு வியன்னா நகரின் வரலாறு கசப்பான விடையைத் தருகிறது. அங்கு எரிக் பெர்ன்காப் என்னும் உடற்கூற்றுப் பேராசிரியர் வெளியிட்ட படத்தொகுதி, நுட்பத்திலும் அழகிலும் ஈடற்றது என்று பல்லாண்டுகள் போற்றப்பட்டது. அவர் நாட்சிக் கட்சியினர். ஆஸ்திரியா 1938இல் செருமனியுடன் இணைக்கப்பட்டதும் மருத்துவப் புலத்தின் தலைவரானவர். அவருடைய ஓவியருள் ஒருவர் தம் கையொப்பத்தில் நாட்சிச் சின்னத்தைச் சேர்த்தே எழுதினார். பின்னாளில், 1998இல் முடிவுற்ற வியன்னாப் பல்கலைக்கழக விசாரணை, நாட்சி ஆட்சியில் கொல்லப்பட்டோரின் உடல்கள் குறைந்தது 1,377 அப்பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று நிலையத்திற்கு அனுப்பப்பட்டதை வெளிப்படுத்தியது. அரசை எதிர்த்தமைக்காகத் தலை துணிக்கப்பட்டவரும் அவருள் இருந்தனர்.

அங்கே ஓவியருக்குப் பெயர் இருந்தது; மேசை மீது கிடந்தவருக்குப் பெயர் இல்லை. கற்றவரின் கைத்திறன் மனச்சான்றோடு சேராவிடில், அழகே குற்றத்தை மறைக்கும் திரையாகிவிடும். ஆகவேதான், உடற்கூற்றைக் கற்பிக்கும் இக்கால ஆசிரியர்கள் பலர், படம் எவ்வாறுள்ளது என்பதோடு, அது யாருடைய உடலிலிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் மாணவருக்குக் கூறுதல் கடமை என்று கருதுகின்றனர்.

அசையும் ஓவியம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணிப்பொறி மருத்துவ ஓவியரின் கைக்கு வந்தது. அனிமேஷன் என வழங்கும் அசைவூட்டப் படத்தின் வழியாக, நின்ற படம் நடக்கத் தொடங்கியது. இம்மாற்றத்திலும் புரோடலின் துறை பங்கு பெற்றது. அங்கு மருத்துவ ஓவியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற கிரகாம் ஜான்சன், கைனேசின் என்னும் புரதம் உயிரணுவினுள் நுண்குழலின் மீது அடியெடுத்து வைத்துச் செல்வதை ஆய்வாளர் ரொனால்டு வேலுக்காக 2000ஆம் ஆண்டில் அசைவூட்டப் படமாக்கினார். அப்புரதம் எடுத்து வைக்கும் ஓரடியின் நீளம் 8 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய நடையை எந்தக் கண்ணும் நேரில் கண்டதில்லை. ஆய்வு முடிவுகளைத் தொகுத்து, அறிவால் கண்டதை ஓவியர் கண்ணுக்குக் காட்டினார்.

ஜேனட் இவாசா என்னும் உயிரணுவியல் மாணவி, கைனேசின் நடக்கும் அசைவூட்டப் படத்தைக் கண்டு வியந்து, தாமே அக்கலையைப் பயின்றார். பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, ஆய்வாளர்கள் தம் கருதுகோள்களைப் படமாக்கிச் சோதித்துப் பார்க்க வழிசெய்து வருகிறார். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ட்ரூ பெரி என்பவர் மரபணு இழை படியெடுக்கப்படும் முறையை அசைவூட்டிக் காட்டிப் புகழ்பெற்றார்.

அசையும் படத்தில் ஆற்றல் மிகுதி. அதனால் பொறுப்பும் மிகுதி. 2006ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்காக உருவாக்கப்பட்ட, உயிரணுவின் உள்வாழ்வைக் காட்டும் படமொன்று உலகெங்கும் பாராட்டப்பட்டது. அதில் மூலக்கூறுகள் அகன்ற வெளியில் அமைதியாக மிதந்து சென்றன. உண்மையிலோ, உயிரணுவின் உட்புறம் சந்தைக் கூட்டம்போல் நெருக்கம் மிகுந்தது. மூலக்கூறுகள் இடித்தும் மோதியும் தடுமாறியுமே இயங்குகின்றன. இக்குறையை அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். சில ஆண்டுகளுக்குப்பின், அப்படத்தை உருவாக்கியவர்களே அந்நெருக்கத்தையும் மோதலையும் காட்டும் மற்றொரு படத்தை உருவாக்கினர். அழகுக்காக உண்மையைச் சற்றே ஒதுக்கியதை, மேலும் உண்மையான அழகால் அவர்கள் ஈடுசெய்தனர் எனலாம்.

இக்காலத்துப் படங்களுள் மக்கள் மிகுதியாகக் கண்டது எது? 2020ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்க நோய்த்தடுப்பு நடுவத்தின் மருத்துவ ஓவியர்களான அலிசா எக்கர்ட்டும் டான் ஹிக்கின்சும் உருவாக்கிய கொரோனா நுண்கிருமியின் உருவமே அது. சாம்பல் நிறப் பந்தின் மீது சிவந்த முட்கள் நீட்டி நிற்கும் அப்படம், உலகின் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் இடம்பெற்றது. அந்நுண்கிருமி கண்ணுக்குப் புலனாகும் ஒளியலையினும் சிறியது. ஆதலால் அதற்கு நாம் காணத்தக்க நிறம் ஏதும் இல்லை. எச்சரிக்கை தோன்றுமாறு சிவப்பைத் தேர்ந்தெடுத்தது ஓவியரின் முடிவு. மக்களை விழிப்படையச் செய்த அப்படத்தை அறியாதார் இல்லை. வரைந்தவரின் பெயரை அறிந்தவரோ மிகச் சிலர். வெசாலியஸின் காலம் முழுவதும் மறைந்துவிடவில்லை.

நிலைத்த பாடம்

இன்று எழுதிக் கேட்டவுடன் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துள்ளன. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் அறிவியல் இதழில், அத்தகைய பொறி வரைந்த எலியின் உடற்கூற்றுப் படம் வெளியாயிற்று. உறுப்புகள் இயற்கைக்கு மாறாக அமைந்திருந்தன. பெயர்களாக எழுதப்பட்டிருந்தவற்றுள் பெரும்பாலானவை எம்மொழியிலும் பொருளற்ற சொற்கள். வண்ணமும் பளபளப்பும் குறைவின்றி இருந்தன. மதிப்பீட்டாளரைக் கடந்து அச்சேறிய அக்கட்டுரை, படிப்போர் நகைத்தபின் சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. ஒளிப்படக் கருவியைப் பற்றி புரோடல் கூறியது, இப்புதிய பொறிக்கும் பொருந்துகிறது. அறியாமல் வரைந்த கோடு, மனிதன் இட்டாலும் பொறி இட்டாலும் பிழையே.

மாக்ஸ் புரோடல் தம் படங்களால் மட்டும் வாழ்ந்திருந்தால், வெசாலியஸின் ஓவியரைப் போல் வியக்கப்பட்டு மறக்கப்பட்டிருப்பார். தாம் அறிந்ததைக் கற்பித்ததாலேயே அவருடைய கலை நூறாண்டுகளைக் கடந்து, தாளிலிருந்து திரைக்கும், கரித்தூளிலிருந்து கணிப்பொறிக்கும் வளர்ந்து வந்துள்ளது. கலைஞனுக்கு இடம் தேடித் தந்த ஒரு நண்பர், பொருளீந்த ஒரு செல்வர், கற்க வந்த மாணவர் என்னும் மூவகையினரும் சேர்ந்தே அம்மரபைக் காத்தனர். ஒரு கலையோ மொழியோ நிலைபெறுவதற்கு இவையே என்றும் வேண்டுவன.

அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் இதயத்தை வரையும்பொழுது, அவரும் இம்மரபில் ஒருவராகிறார். குருதி எவ்வழியே வந்து எவ்வழியே செல்கிறது என்பதை முதலில் உணர்ந்து, பின்பு கோடிடும் மாணவன், புரோடலின் வகுப்பில் அமர்ந்தவனாகிறான். அறிந்து வரைதலும், வரைந்ததைக் கற்பித்தலும், வரைந்தவரை மறவாதிருத்தலும் அக்கலைக்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.